சிம் ஹாக்கியில் புது ஆட்டக்காரரின் முதல் 12 ஆட்டங்கள்: ஆறு சீசன் ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

பெங்களூரில் ஹாக்கி என்றதும் சாய் (இந்திய விளையாட்டு ஆணைய) மையத்தில் நடக்கும் தேசிய அணி முகாம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது ஐஸ் ஹாக்கி, அதிலும் கணினிக்குள் ஓடும் சிமுலேஷன் லீக்: ஒவ்வொருவரும் ஓர் ஆட்டக்காரரை உருவாக்கி வளர்ப்பார்கள், ஆட்டத்தைக் கணினியே நடத்தும். ஆனாலும் நம்ம ஊர் ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இதில் புது ஆளை மற்றவர்களோடு ஒப்பிடும்போது வரும் முதல் சிக்கல் சட்டென்று பிடிபடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதிகக் கோல் அடித்தவர் ஹர்மன்பிரீத் சிங், 10 கோல். அவர் டிஃபெண்டர். பெனால்டி கார்னரையும் ஸ்ட்ரோக்கையும் தனியாகப் பிரிக்காமல் மற்ற டிஃபெண்டர்களை அவர் பக்கத்தில் நிறுத்தினால், மற்றவர்கள் எல்லாம் சும்மா நின்றவர்கள் போலத் தெரியும். சிம் லீக்கில் இந்தக் குழப்பத்தைச் செய்வது பவர் பிளே, அதாவது எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்க, ஆள் கூடுதலாக ஆடும் நேரம்.

அதனால் ஒப்பீட்டில் பாதி வேலை, யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான். ‘சென்டர்’ (நடு முன்கள ஆட்டக்காரர்) என்று வடிகட்டினால் போதாது. ஒரு அணியில் நாலு சென்டர் இருப்பார்கள். லைன் என்பது சேர்ந்து இறங்கும் முன்கள மூவர். முதல் லைன்காரர் 19 நிமிடம் ஆடுவார், நாலாவது லைன்காரர் 9 நிமிடம். உங்கள் ஆளின் சராசரி நேரத்துக்கு இரண்டு நிமிடம் மேலே, இரண்டு நிமிடம் கீழே என்று எல்லை போடுங்கள். பவர் பிளே நேரத்துக்கு ஒரு நிமிட எல்லை. எட்டுப் பேருக்குக் குறைவாகத் தேறினால் நேர எல்லையை மூன்று நிமிடமாக்கலாம். பவர் பிளே எல்லையைத் தளர்த்தக் கூடாது.

இன்னொரு பொறி: பதிவில் சென்டர் என்று இருப்பவர் விங்கில் (ஓரத்தில்) ஆடிக்கொண்டிருப்பார். ஃபேஸ்ஆஃப் (நடுவர் போடும் வட்டுக்காக இருவர் மோதுவது, வழக்கமாகச் சென்டரின் வேலை) எண்ணிக்கையைப் பாருங்கள். ஆட்டத்துக்கு மூன்றோ நாலோதான் என்றால் அவரை விங்கர் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

லீக்கின் புள்ளிவிவரம் இருக்கும் சிஎஸ்வி ஃபைலை கூகுள் ஷீட்ஸில் திறந்ததும் முதலில் உதைப்பது நேரம் இருக்கும் பத்தி. 16:30 என்பது பதினாறரை நிமிடம். ஷீட் அதைச் சாயங்காலம் நாலரை மணி என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே அது 0.6875 என்று பதிவாகும். 24-ஆல் பெருக்கினால் 16.5 என்று சரியான நிமிடம் வந்துவிடும். பெருக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுவார்கள்: 25:10 ஆடிய முதல் ஜோடி டிஃபெண்டர், கடிகார வடிவத்தில் 1:10 என்று தெரிவார். அணியின் மிக முக்கியமான ஆளை பெஞ்சில் உட்கார்ந்தவர் என்று நினைத்துப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவோம். பத்தியின் வடிவத்தைக் கால அளவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது 60 நிமிடக் கணக்கு, அதாவது 60 நிமிடம் ஆடினால் எத்தனை எடுப்பார் என்பது. 12 ஆட்டம், ஆட்டத்துக்கு 16.5 நிமிடம் என்றால் மொத்தம் 198 நிமிடம். 3 கோல், 5 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்) எடுத்தவருக்கு, இரண்டையும் கூட்டிய புள்ளி 8-ஐ 198-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க, 2.42 புள்ளி வரும். இதை வைத்து மட்டும் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ வேண்டாம். அந்த 12 ஆட்டத்தில் அவர் 30 ஷாட் எடுத்திருக்கிறார், உண்மையான திறன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பது 3 கோல். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே ஒன்றரைக் கோலுக்குக் கொஞ்சம் மேலே இப்படியும் அப்படியும் இழுக்கும். அதாவது ஒரே திறனுள்ள இருவரில் ஒருவர் 1 கோலும் இன்னொருவர் 5 கோலும் அடித்திருந்தால் ஆச்சரியமே இல்லை. முதலாமவரின் உரிமையாளர், ஆளை வளர்க்கக் கிடைக்கும் பயிற்சிப் புள்ளியை எல்லாம் ஷூட்டிங்கில் கொட்டுவார். தேவையே இருந்திருக்காது.

ஆறு சீசனிலும் 12-ஆவது ஆட்டத்தில் ஒரு பட்டியல், 25-ஆவதில் ஒரு பட்டியல் என்று எடுத்து வைத்ததில், புள்ளி வரிசை அடிக்கடி தலைகீழானது. 60 நிமிடத்துக்கு எத்தனை ஷாட் என்ற வரிசை பெரும்பாலும் அப்படியே நின்றது. என் ஷீட்டில் பெர்சென்ட்ரேங்க் (பட்டியலில் ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைச் சதவீதமாகச் சொல்லும்) சூத்திரம் இப்போது ஷாட், நேரம் ஆகிய இரண்டு பத்திகளுக்கு மட்டும்தான். ஃபேஸ்ஆஃப் சதவீதத்தை ஆரம்பத்தில் பார்ப்பது வீண். 144 ஃபேஸ்ஆஃபில் நாலு சதவீதம் முன்னே பின்னே போவது சாதாரணம். கோலிகளை விட்டுவிடுங்கள். ஐந்து ஆட்டத்தில் 150 ஷாட் சந்தித்தவரின் தடுப்பு விகிதத்தில் .890-க்கும் .930-க்கும் நடுவே ஒன்றுமே சொல்ல முடியாது.

டிஃபெண்டர்களிடம் நிதானமாக இருக்க வேண்டும். நிஜ உதாரணமே இருக்கிறது. 2019-20 என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) சீசனில் குவின் ஹியூஸ் 68 ஆட்டத்தில் 53 புள்ளி, கேல் மகார் 57 ஆட்டத்தில் 50 புள்ளி. இருவரும் புதுமுக டிஃபெண்டர்கள். மொத்தத்தில் ஹியூஸ் முன்னே, ஆட்டத்துக்கு 0.88 என்ற கணக்கில் மகார் முன்னே. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை மகாருக்குப் போனது. உங்கள் ஆள் இந்த ரகமா, பெனால்டி கில்லில் (தன் அணி ஆள் குறைந்து தற்காக்கும் நேரத்தில்) ஷாட்டைத் தடுத்து விழுந்து எழுகிற ரகமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவது ரகத்துக்குப் புள்ளிப் பத்தியையே மறைத்துவிடலாம். அவர் களத்தில் இருக்கும்போது எதிரணி எடுக்கும் ஷாட்தான் அவருடைய மதிப்பெண்.

பிளஸ்-மைனஸை (களத்தில் இருக்கும்போது தன் அணி கோல் அடித்தால் பிளஸ், வாங்கினால் மைனஸ்) நம்பி ஆளை மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவர் பிளே கோல் அதில் சேராது, ஆனால் ஆள் குறைந்த நிலையில் அடிக்கும் கோல் சேரும். கோலியை வெளியே எடுத்த பிறகு காலி வலையில் விழும் கோலும் சேரும். தோற்கும் அணியின் கடைசி நிமிடங்களில் நம்பி இறக்கப்படும் நல்ல ஆட்டக்காரர், அந்த நம்பிக்கைக்காகவே மைனஸ் வாங்குவார்.

வயதும் பார்க்க வேண்டும். ஐந்து சீசன் பயிற்சிப் புள்ளி சேர்த்தவரோடு புதுமுகத்தை நிறுத்தினால் தோல்வி நிச்சயம். அட்ரிபியூட் (திறன் மதிப்பெண்) மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது வடிகட்டி போடுங்கள். ஆடும் நேரத்தால் எடுத்த பட்டியல், இந்தப் பட்டியல் இரண்டிலும் ஷாட் கணக்கில் கீழே இருந்தால் லைனை மாற்றச் சொல்லி அணியின் ஜெனரல் மேனேஜரிடம் கேட்கலாம். ஒன்றில் மட்டும் என்றால் பொறுத்திருங்கள்.

நமக்கென்றே இருக்கும் ஒரு சங்கடம் தேதி. வட அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை ஏழுக்கு ஓடும் ஆட்டம் நமக்கு விடிகாலை நாலரை அல்லது ஐந்தரை, தேதியும் மாறியிருக்கும். ‘கடைசி 10 ஆட்டம்’ என்பதைத் தேதியால் வெட்டினால் ஒன்று விடும், அல்லது ஒன்று கூடும். ஆட்ட எண்ணால் வெட்டுங்கள். பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் போனில் பார்ப்பவர்கள் பெயர், நிலை ஆகிய முதல் இரண்டு பத்திகளையும் நகராதபடி நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளும்போது யாருடைய ஷாட்டைப் பார்க்கிறோம் என்பதே தெரியாது.