பெங்களூரு ஜிசிசியா, கோவை புராடக்ட் கம்பெனியா?

2025 மார்ச்சில் என் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் இருந்தன. ஒன்று பெங்களூரு பெல்லந்தூரில், ஓர் அமெரிக்க வங்கி தன் வேலைக்காகவே நடத்தும் ஜிசிசி மையம். ஆண்டுக்கு 28 லட்சம். மற்றது கோவை சரவணம்பட்டியில் சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும், அறுபது பேர் வேலை பார்க்கும் ஒரு புராடக்ட் கம்பெனி, 21 லட்சம். அதற்கு முன் எட்டு வருடம் சென்னை அருகே சிறுசேரி சிப்காட்டில், பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் ஒரு சர்வீசஸ் கம்பெனியில் இருந்தேன். கோவையைத்தான் எடுத்தேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். புதிய வரி முறையில் வருமானத்தில் 24 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் 30 சதவீதம் வரி, அதற்குக் கீழே படிப்படியாகக் குறைவு. தோராயமாகப் போட்டால் 28 லட்சத்துக்கு நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, 21 லட்சத்துக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரி. ஏழு லட்ச வித்தியாசம் ஐந்தாகிவிடுகிறது. இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு பெல்லந்தூரில் 38,000 கேட்டார்கள், சரவணம்பட்டியில் 15,000. வருடத்துக்கு 2.76 லட்சம் அதில் போயிற்று. அப்படியும் இரண்டு லட்சத்துக்கு மேல் பெங்களூருதான் முன்னால் நிற்கிறது. போக்குவரத்து நெரிசல், தண்ணீர் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். என் ஹைக்கை, அதாவது சம்பள உயர்வை, எழுதுபவர் என் வேலையைக் கண்ணால் பார்ப்பாரா?

சிறுசேரியில் எங்கள் குழுவில் ஒன்பது பேர், டல்லாஸில் கிளையன்டின் இடத்திலேயே இருந்த ஆன்சைட் லீட் ஒருவர். தரவை மொத்தமாகச் செயலாக்க ஆறு மணி நேரம் ஓடிய ஒரு பேட்ச் ஜாப்பை மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பது நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். கிளையன்டுக்கு அதை விளக்கிக் காட்டியவர் ஆன்சைட் லீட். பாராட்டு மெயில் அவருக்கு வந்தது, சிசியில்கூட என் பெயர் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கிளையன்டின் கண்ணில் படும் இடத்தில் அவர் இருந்தார், நான் கடல் தாண்டி இருந்தேன்.

இதில் தனி மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அமைப்பே அப்படி. எங்கள் ப்ராஜெக்டில் கிளையன்ட் பணம் கொடுத்தது ஆள் கணக்கில், மணிக்கு இத்தனை டாலர் என்று. ரேட் கார்டில் 'சீனியர் டெவலப்பர், ஆஃப்ஷோர்' என்று ஒரே வரி. அதில் யாரை உட்கார வைத்தாலும் வரும் தொகை அதேதான். நன்றாக எழுதுபவருக்கு அதிகம் கொடுத்தால் அது கம்பெனியின் மார்ஜினிலிருந்து போகும். வேலையைச் சுருக்கி ஆளைக் குறைத்தால் பில்லிங்கே குறையும். இதற்கு மேல் பெல் கர்வ் வேறு: ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் முதல் ரேட்டிங். அது யாருக்கு என்று முடிவு செய்த டெலிவரி மேனேஜர் நான் எழுதிய கோட் எதையும் ஒரு நாளும் திறந்ததில்லை. அவர் முன்னால் இருந்ததெல்லாம் டைம்ஷீட்டும் பாராட்டு மெயிலும்தான். அதனாலேயே அப்ரைசல் நெருங்கும்போது கிளையன்டிடம் கேட்டு ஒரு மெயில் வாங்கிவைப்பது எங்களுக்குள் வழக்கமாக இருந்தது.

ஜிசிசியில் பில்லிங் சிக்கல் இல்லை. சொந்த நிறுவனத்துக்கே வேலை. ஆனால் நான் அங்கே வேலை பார்த்ததில்லை, நண்பர்கள் இருவர் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். ஒருவருக்கு புராடக்ட் ஓனர் நியூ ஜெர்சியில். எதைக் கட்டுவது என்பது அங்கே முடிவாகி, இங்கே டிக்கெட்டாக, அதாவது செய்ய வேண்டிய வேலைக் குறிப்பாக, வந்து சேர்கிறது. மேல் பதவிக்கு அங்கிருக்கும் ஒருவர் பரிந்து பேச வேண்டும். இன்னொருவருக்கு டைரக்டரே பெங்களூரில்தான், அவருக்கு இந்தக் குறையே இல்லை. ஆகவே எல்லா ஜிசிசியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆர்எஸ்யூ என்று தாய் நிறுவனத்தின் பங்குகளும் அவர்களுக்கு உண்டு. வெஸ்ட் ஆகும்போதே, அதாவது பங்கு கைக்கு வரும்போதே, சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடிப்பார்கள், ஆனாலும் பட்டியலிட்ட பங்கு, விற்றுக் காசாக்கலாம்.

கோவையில் என் முதல் அப்ரைசல் அரை மணி நேரம் நடந்தது. தொழில்நுட்பத் தலைவரான சிடிஓ, லேப்டாப்பில் என் புல் ரெக்வெஸ்ட் ஒன்றை, அதாவது சரிபார்க்க நான் அனுப்பிய கோட் மாற்றத்தைத் திறந்து, பேமென்ட் தோற்றால் மறுபடி முயலும் பகுதியை ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டார். ஒரு வாடிக்கையாளர் ரத்து செய்யவிருந்த சந்தாவை அதற்குப் பிறகு தொடர்ந்த கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹைக் 14 சதவீதம். அதைவிட, எட்டு வருடத்தில் முதல்முறையாக, எதற்காகக் கிடைத்தது என்று எனக்குப் புரிந்தது.

வீட்டிலிருந்தே வேலை என்றாலும் ஊர் விட்டபாடில்லை. கிட்லேப் நிறுவனம் ஊருக்கு ஏற்ற ஒரு காரணியை வைத்துச் சம்பளம் கணக்கிடுவதைத் தன் பொதுக் கையேட்டிலேயே எழுதி வைத்தது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் ஊழியர் எங்கே இருந்தாலும் சான் பிரான்சிஸ்கோ சந்தை அளவில் தருகிறது. இரண்டாவது வகை அபூர்வம்.

கோவையின் குறை ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வேலை போனால் அடுத்தது என்ன? என் அனுபவத்துக்கு ஏற்ற புராடக்ட் கம்பெனிகளை இங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் ஈசாப், ஊழியர்களுக்குத் தரும் கம்பெனிப் பங்கு. நாலு வருட வெஸ்டிங், பட்டியலிடாத கம்பெனி. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனது உண்மை, ஆனால் அதை வைத்து யாரும் வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. கோவை.கோ நிறுவனம் வேறு வழி பிடித்தது. 2025 ஜனவரியில் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சுமார் 14.5 கோடி ரூபாய் போனஸாக அறிவித்தது, பங்காக இல்லாமல் பணமாக. என் கம்பெனியில் இருப்பது ஈசாப்தான். அது காசாகுமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

வயது இருபத்து நாலு, தனி ஆள், சேமிப்பு இல்லை என்றால் பெங்களூருக்கே போகச் சொல்வேன். அடுத்த வேலைக்கு அங்கேயே வாசல் நிறைய. மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: என் ஹைக்கை யார் எழுதுவார், அவர் எந்த ஊரில் இருக்கிறார்? நான் இரண்டு இடத்திலும் கேட்டேன். பெங்களூரு எச்ஆரிடமிருந்து நாலு நாள் கழித்து, 'குளோபல் கமிட்டி' என்று பதில் மெயில் வந்தது. கோவையில் மேஜைக்கு எதிரே இருந்தவர், "நான்தான் எழுதுவேன், இந்த ரூம்லதான்" என்றார்.