எஸ்எஸ்எச் பாதுகாப்பு: ஃபெயில்2பேன் போதுமா, கீ வேண்டுமா?

இணையத்தில் புதிதாக ஒரு லினக்ஸ் சர்வரை ஏற்றிவிட்டு, மறுநாள் அதன் லாகைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட் என்று தோன்றிய பெயர்களையெல்லாம் போட்டு யார் யாரோ நுழையப் பார்த்திருப்பார்கள். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) காத்திருக்கும் 22ஆம் போர்ட் திறந்திருக்கும் முகவரிகளை ஓயாமல் தட்டிப் பார்க்கும் பாட்கள் என்ற தானியங்கி நிரல்களின் வேலை அது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: போர்ட்டை மாற்றுவது, பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, தவறாக முயல்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுவது, பாஸ்வேர்டையே மூடிவிட்டுக் கீயில் (உங்கள் கணினியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும் நுழைவது.

போர்ட் மாற்றத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். எல்லா போர்ட்டையும் ஸ்கேன் செய்பவனுக்கு அது தடையே இல்லை. மாற்றுவதென்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள்: உபுண்டு 24.04இல் எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதாது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் டீமன்-ரீலோட் கொடுத்து, எஸ்எஸ்எச் சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஃபெயில்2பேன் நல்ல கருவி. லாகைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஐபியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால், ஃபயர்வாலில் அந்த ஐபியை 10 நிமிடம் தடுக்கும். இதுதான் அதன் இயல்பான அமைப்பு, கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அது எண்ணுவது ஐபி வாரியாக. ஆயிரக்கணக்கான ஐபிகளைக் கையில் வைத்திருக்கும் பாட்நெட் (பாட்களின் கூட்டம்), ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டே முறை முயன்றால் கணக்கில் சிக்காது. வேறெங்கோ கசிந்த உங்கள் பாஸ்வேர்டை ஒருவர் முதல் முறையிலேயே சரியாகப் போட்டாலும் அதற்குத் தெரியாது. டெபியன் 12இல் இன்னொரு சிக்கல்: லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் அதில் தானாக நிறுவப்படுவதில்லை. அதனால் ஃபெயில்2பேன் தேடும், நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத் லாக் கோப்பே இருக்காது, சர்வீஸ் தொடங்காமல் நின்றுவிடும். லாகை எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்எண்டை 'சிஸ்டம்டி' என்று மாற்றினால் ஓடும். நிறுவிவிட்டோம் என்று நம்பி இருந்துவிடாமல், ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட பிறகுதான் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். வழியில் திருடுவதை அது தடுத்தது. பாஸ்வேர்டை யூகிப்பதைத் தடுக்க கீ வேண்டும். இடி25519 வகைக் கீயை யூகித்துக் கண்டுபிடிக்க எந்த பாட்நெட்டாலும் ஆகாது. ரகசியக் கீ உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போவதில்லை; சர்வரில் இருப்பது பொதுக் கீ மட்டுமே. என் தேர்வு இதுதான், தயக்கமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பாஸ்ஃப்ரேஸ் (கீயையே பூட்டி வைக்கும் ரகசியச் சொல்) போடாத கீ இருக்கும் லேப்டாப் தொலைந்தால், எடுத்தவர் கையில் சர்வரும் போகும். வேலையை விட்டுப் போனவரின் கீ, நுழைய அனுமதித்த பொதுக் கீகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் வருடக்கணக்கில் கிடப்பதும் பல அலுவலகங்களில் நடப்பதுதான். அதை அவ்வப்போது யாராவது திறந்து பார்த்துக் களைய வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. பிரதான கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனுக்கு 'நோ' போட்டுவிட்டு, மூடிவிட்டதாக நினைப்பார்கள். கிளவுடில் வாங்கிய உபுண்டு சர்வர்களில், துணை கான்ஃபிக் கோப்புறைக்குள், சர்வரை முதல்முறை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் எழுதிய '50' என்று தொடங்கும் கோப்பு ஒன்று இருக்கலாம். அதில் 'யெஸ்' என்று இருக்கும். எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். துணைக் கோப்புகள் முன்னால் படிக்கப்படுவதால் நீங்கள் எழுதிய 'நோ' செல்லாது. ரூட்டாக எஸ்எஸ்எச்டி கட்டளையை '-T' (பெரிய எழுத்து) ஆப்ஷனுடன் ஓட்டினால், உண்மையில் நடப்பில் இருக்கும் மதிப்பு தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டை விடவே முடியாத சர்வர்களும் உண்டு. பல ஊழியர்கள் பல கணினிகளிலிருந்து நுழைவார்கள். அங்கே ஃபெயில்2பேனோடு இரண்டாம் அடுக்காக ஓடிபியும் வையுங்கள், ரூட் நுழைவை முழுதாக மூடுங்கள். கீ போட்ட சர்வரிலும் ஃபெயில்2பேன் இருக்கட்டும், லாக் சுத்தமாக இருக்கும். அப்டேட் மட்டும் எந்த வழியிலும் தவிர்க்க முடியாதது: 2024 ஜூலையில் வெளியான, எஸ்எஸ்எச் சர்வரிலேயே இருந்த ரெக்ரெஷ்எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பு ஓட்டை லாகின் செய்வதற்கு முன்பே வேலை செய்யக்கூடியது, கீ இருந்தும் பயனில்லை.

மாற்றும்போது பழைய டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் கீயால் நுழைந்து, ரூட் உரிமையில் கட்டளை ஓட்டத் தரும் சூடோவும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே பாஸ்வேர்டை நிறுத்துங்கள்.