டர்பனுக்குத் தொண்டு செய்ய வருமுன்: படிப்பா, பேச்சா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வர விரும்பும் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலரும் ஒன்றையே கேட்கிறார்கள்: இந்த நாட்டைப் பற்றிப் படித்துவிட்டு வருவதா, இங்குள்ள ஒரு குடும்பத்தோடு வாரந்தோறும் பேசிப் பழகிவிட்டு வருவதா?

செலவு: படிக்க நூலகம் போதும். பேச இணையம் போதும்.

வசதி: புத்தகம் நள்ளிரவிலும் துணைக்கு வரும். பேச்சுக்கு நேரம் ஒத்துவர வேண்டும். இந்தியாவைவிட நாங்கள் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம்.

ஆழம்: வேறுபாடு இங்கேதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலி முறை, மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்க வைத்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டம், அதனால் வீடிழந்த இந்தியர்கள் குடியேற்றப்பட்ட டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்: இவற்றை யாரும் தொலைபேசியில் கோவையாகச் சொல்ல மாட்டார்கள். இது தெரியாமல் வந்து, "தமிழராக இருந்தும் ஏன் தமிழ் பேசுவதில்லை?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் மனம் நோகும்.

அன்றாட வாழ்வுக்குப் பேச்சே மேல். பலர் சேர்ந்து போகும் சிறு வேனான மினிபஸ் டாக்சியில் பின்வரிசைக்காரர் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டிக் கட்டணத்தை நீட்டுவார். கைமாறிக் கைமாறி அது ஓட்டுநரிடம் போகும். சில்லறையும் அதே வழியில் திரும்பும். முன்னிருக்கையில் அமர்ந்தால் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான்!

சில வாரங்களே தங்குபவருக்குப் பேச்சு போதும். ஓராண்டு வகுப்பெடுக்க வருபவர் முதலில் படிக்கட்டும், கடைசி இரண்டு மாதம் பேசட்டும். முதியோரிடையே பணி என்றால், வரலாறு படிக்காமல் விமானம் ஏற வேண்டாம்.