அம்மாவுக்கு முப்பதுக்குப் பதினொன்று

கும்பகோணம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரே காலையில் இரண்டு தடவை அம்மா பாலைப் பொங்கவிட்டாள். என்னை அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். 76 வயது. "கொஞ்ச மாசமாவே இப்படித்தான் தம்பி" என்றார் அண்ணி. மறுநாளே ஞாபகமறதிப் பரிசோதனை என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

நான் இருக்கும் கனடாவின் ஸ்கார்பரோவில் இதற்குக் குடும்ப மருத்துவரைப் பிடித்து, அவர் எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இங்கே டோக்கன் போட்ட ஒரு மணி நேரத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று நினைத்தேன்.

ஓர் இளம்பெண் ஆங்கிலத் தாளோடு வந்து உட்கார்ந்தார். "பாட்டி, அஞ்சு வேர்ட்ஸ் சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. ஃபேஸ், வெல்வெட், சர்ச், டெய்சி, ரெட்." ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

"இன்னிக்கு என்ன டேட்?"

"ஆனி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. வர்ற புதன் ஆடி பிறக்குது."

ஜூலை 12 என்று சொல்லாததால் தேதிக்கு மார்க் இல்லை. பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னார். கோலமாவைக் கிள்ளுகிற மாதிரி பென்சிலைப் பிடித்து, ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்துவிட்டு நிறுத்தினாள். "ஹண்ட்ரட்ல இருந்து செவன் செவனா மைனஸ் பண்ணுங்க" என்றபோது தலையைக் குனிந்துகொண்டாள். முப்பதுக்குப் பதினொன்று. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று எழுதி மாத்திரைச் சீட்டும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பூக்காரம்மாவிடம் வாசலில் நின்று சொல்கிறாள்: "மூணு முழம் எழுபத்தஞ்சு, முந்தாநாள் பாக்கி பத்து. இந்தா நூறு, பதினஞ்சு குடு."

எனக்கு நெஞ்சு கொதித்தது. ஸ்கார்பரோவில் எங்கள் கட்டடத்து யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கு இதே சோதனை நடந்தபோது, தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்த பிறகுதான் தொடங்கினார்கள். காவிரிக்கரையில் என் அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள்.

ராத்திரி தேடிப் படித்தேன். மோகா என்ற அந்தச் சோதனை மான்ட்ரியலில் உருவாகி 2005இல் வெளியானது. முப்பதுக்கு 26ஓ அதற்கு மேலோ வந்தால் சாதாரணம். பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டித் தர வேண்டும். அதைக்கூட இவர்கள் தரவில்லை. தமிழில் அதன் வடிவம் இருக்கிறது, படிக்காதவர்களுக்கென்று தனி வடிவமும் இருக்கிறது. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்டில், கையில் எடுக்கிற தாளையாவது பார்த்து எடுக்கக் கூடாதா?

அப்புறம் தஞ்சாவூரில் ஒரு வயதான டாக்டர். முதலில் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது. சர்க்கரைக்கு எத்தனை வருஷமாக மெட்ஃபார்மின் என்று கேட்டு, பி12 வைட்டமின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னை வெளியே அனுப்பிவிட்டு அண்ணியிடம் தனியாகப் பேசினார்: அடுப்பை அணைக்கிறார்களா, காசு எண்ணிக் கொடுக்கிறார்களா, கோயிலுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வருகிறார்களா. கூட இருக்கிறவருக்குத்தானே தெரியும், வருஷத்துக்கு மூன்று வாரம் வருகிற எனக்கு என்ன தெரியும்?

பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி தொடங்கியாயிற்று. "மறதி இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தன் வேலையைத் தானே பாத்துக்கறாங்க. இப்பவே டிமென்ஷியான்னு முத்திரை குத்த வேண்டாம். லேசான மறதின்னு வெச்சு, ஆறு மாசம் கழிச்சுத் தமிழ்லயே மறுபடி பாப்போம்" என்றார்.

திரும்பும்போது காரில் அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு ஏதோ சொன்னாளே, டேசியா? அது என்னப்பா?"

பூ என்று சொல்லி, போனில் படம் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"சாமந்தி மாதிரி இருக்கு. பூன்னு சொல்லியிருந்தா சொல்லியிருப்பேனே."

தை மாதம் அண்ணன் கூட்டிப்போகிறார்.