ஹீட்கில்லர் டியூப் 150 டி5: கண்ணாடி ரிசர்வாயரை மாட்டுவதும் நிரப்புவதும்

ஹீட்கில்லர் டியூப் 150 டி5 என்பது தண்ணீரால் கணினியைக் குளிர்விக்கும் அமைப்புக்கான ரிசர்வாயர், அதாவது நீர்த்தொட்டி. டி5 வகைப் பம்ப் இதோடு பொருந்தும். ரிசர்வாயர் பெரிதானால் கணினி கூடுதலாகக் குளிரும் என்று நினைத்து இதை வாங்க வேண்டாம். சூட்டை வெளியே தள்ளுவது ரேடியேட்டர்தான். பம்புக்கு இடைவிடாமல் தண்ணீர் கொடுப்பதும், லூப்பில் (தண்ணீர் சுற்றிவரும் பாதையில்) சிக்கிய காற்றைப் பிரித்து மேலே விடுவதுமே ரிசர்வாயரின் வேலை. ஜெர்மனியின் வாட்டர்கூல் நிறுவனத் தயாரிப்பான இது இரண்டையும் அருமையாகச் செய்கிறது.

100, 150, 200 என மூன்று அளவுகள். மிட் டவர் கேபினட்டுக்கு 150 தாராளம். குழாய் போரோசிலிகேட் கண்ணாடி. அக்ரிலிக்கை ஆல்கஹாலால் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும். இதில் அந்தப் பயம் இல்லை. இணைப்புகளைத் திருகி மாட்டும் ஜி1/4 அளவு மரைகள் கண்ணாடியில் இல்லாமல் மேல், கீழ் மூடிகளில் இருப்பது பெரிய நிம்மதி. அதற்காக இணைப்புகளைக் குறடு போட்டு முடுக்காதீர்கள். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) படிந்ததும் கையால் ஒரு சிறு திருகு போதும். மேலும் இறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கி அங்கேயே கசியும்.

டி5 பம்ப் சுமார் 23 வாட் வரை இழுக்கும். மதர்போர்டின் விசிறி ஹெடர் (விசிறி வயரை மாட்டும் முனை) பெரும்பாலும் 12 வாட்தான் தாங்கும். ஆகவே மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வரட்டும். ஹெடருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர்கள் மட்டும்.

நிரப்பும்போதுதான் பம்புகள் சாகின்றன. டி5-இன் சுழலி பீங்கான் குண்டின் மேல் சுற்றுகிறது. அதற்கு மசகே தண்ணீர்தான். வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு மின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் பிளக்கில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்கும் இணைப்பு) மாட்டி, பம்பை மட்டும் ஓட்டுங்கள். குழாயை முக்கால்வாசி நிரப்பி ஸ்விட்சைப் போட்டால் மட்டம் விறுவிறுவென இறங்கும். அடியில் இரண்டு விரல் தண்ணீர் இருக்கும்போதே அணைத்து, மறுபடி ஊற்றுங்கள். இப்படிப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். நுண்குமிழிகளால் தண்ணீர் முதலில் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்திருக்கும். கேபினட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் ஒளிந்த காற்று கரகரவென்று வெளியேறும். ரிசர்வாயருக்குத் திரும்பி வரும் நீர், மட்டத்துக்கு மேலிருந்து கொட்டினால் குமிழி ஓயாது. அது வந்து விழும் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியே இருக்கட்டும்.

வெறும் காய்ச்சி வடித்த நீர் போதாது. அரிப்புத் தடுப்பானும் பாசி கொல்லியும் கலந்த கூலன்ட் வேண்டும். லூப்பில் செம்பும் அலுமினியமும் ஒன்றாக நனையக் கூடாது.

ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ வைத்து ஓர் இரவு பம்பை ஓடவிடுங்கள். காலையில் மட்டம் சற்றுக் குறைந்து, டிஷ்யூ உலர்ந்திருந்தால் அது கசிவல்ல, வெளியேறிய காற்று விட்ட இடம். சூட்டில் நீர் விரிய மேலே ஒரு விரல் இடம் விட்டு, ஊற்றி மூடுங்கள்.