கனடாவா, பிரான்ஸா?

இரண்டு நாட்டிலும் ஈழத்தமிழர் நிறைய. ஆனால் வந்தவரிடம் "நீ யார்?" என்று இரண்டும் ஒரே மாதிரி கேட்பதில்லை.

கனடா 1971-இல் பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்தது. 1988-இல் அதற்குச் சட்டமே போட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி, பூர்வீகம் எல்லாம் கேட்பார்கள். 1990-இல் சீக்கியர்கள் தலைப்பாகையோடு மத்தியக் காவல்படையில் பணிசெய்ய அனுமதி கிடைத்தது. அது சும்மா கிடைக்கவில்லை, எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடந்தது. 2016-இல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது.

பிரான்ஸ் நேர்மாறு. குடியரசின் முன் எல்லாரும் குடிமக்கள், அவ்வளவுதான். 1905 சட்டம் மதத்தை அரசிலிருந்து பிரித்தது. 2004 சட்டத்துக்குப் பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் முக்காடோ தலைப்பாகையோ அணிய முடியாது. கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதே இல்லை. கேட்காவிட்டால் பாகுபாடும் இருக்காது என்பது அவர்கள் எண்ணம். அளக்காததை எப்படிச் சரிசெய்வது என்பது என் சந்தேகம். (அதற்காகப் பாரிஸ் லா சப்பேல் தெருக்களில் பிள்ளையார் தேர் நின்றுவிடவில்லை, ஆண்டுதோறும் தேங்காய் உடைகிறது.)

கனடாவுக்குள்ளும் கியூபெக் மாகாணம் தனி வழி. அங்கே 2019-இல் ஆசிரியர், காவலர் போன்றோர் பணியில் மத அடையாளம் அணியத் தடை வந்தது.

தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கனடா பக்கம்தான். ஆனால் பள்ளி விஷயத்தில் பிரான்ஸின் பிடிவாதத்திலும் ஒரு நியாயம் தெரிகிறது: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போகிறது, மற்ற மதப் பள்ளிகளுக்கு இல்லை.