உடுக்கை வடிவ எஃகுக் கைக்கவசம்: தகடு தேறுகிறது, கட்டைவிரல் தேறவில்லை

இடைக்கால ஐரோப்பியக் கவசம் அணிந்து வாள் சண்டை பழகுபவர்களில், தலைக்கவசத்தைப் பத்து முறை யோசித்து வாங்குபவர்கள்கூட கைக்கவசத்தைக் கடைசியில்தான் வாங்குகிறார்கள், அதுவும் மிச்சமிருக்கும் பணத்தில். ஆனால் களத்தில் எதிராளிக்கு மிக அருகில் நீண்டிருப்பது ஆயுதம் பிடித்த கை. தலையில் விழும் அடியைத் தாங்க மண்டை ஓடும் கழுத்துத் தசையும் உண்டு. விரலில் விழும் அடிக்கு, மேலே தகடும் கீழே வாள்பிடியும்தான் இருக்கின்றன. நடுவில் சிக்குவது எலும்பு.

இங்கே மதிப்பிடுவது, கட்டி முடித்துத் தயாராக விற்கப்படும் ஒரு ஜோடி உடுக்கை வடிவக் கைக்கவசம். 1.5 மி.மீ. மைல்டு ஸ்டீல் (கரி குறைந்த, எளிதில் வளையும் எஃகு) தகடு. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் செதில்கள். உள்ளே தோல் கையுறை தைத்தே வருகிறது. ஒரு கை ஏறக்குறைய 700 கிராம். புறங்கையிலிருந்து மணிக்கட்டில் ஒடுங்கி, முன்கையை நோக்கி மறுபடி விரியும் ஒரே தகடு என்பதால்தான் இதற்கு உடுக்கை வடிவம். 14ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஐரோப்பா முழுக்கப் பரவிய வகை இது. 1376இல் இறந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் கைக்கவசங்கள் கேன்டர்பரி பேராலயத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவையும் இந்த வகைதான், விரல் கணுக்கள் மேல் சின்னச் சிங்க உருவங்கள் பதித்தவை. அதற்குச் சற்று முந்தைய முறையைப் பார்க்க வேண்டுமானால் 1361இல் இன்றைய ஸ்வீடனின் விஸ்பியில் நடந்த போரின் புதைகுழிகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த கைக்கவசங்கள் பல சிறு தகடுகளைத் தோலிலோ துணியிலோ ரிவெட் (முனையைத் தட்டித் தலையாக்கி இறுக்கும் ஆணி) அடித்துச் சேர்த்தவை. பல துண்டுகளாக இருந்ததை ஒரே தகடாக்கியபோது மணிக்கட்டைச் சுற்றியிருந்த இடைவெளிகள் மறைந்தன. மணிக்கட்டைத் திருப்பும் வசதியும் குறையவில்லை. விரிந்த குழல் பகுதி முன்கையில் இடிக்காமல் சுழல இடம் தருகிறது.

இந்த ஜோடியில் அந்தக் குழல் பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. ஒடுங்கும் இடத்தில் சுருக்கமோ விரிசலோ இல்லை. தகட்டை ஒடுக்கவும் விரிக்கவும் வேண்டிய இடம் அது. அவசர வேலையாக இருந்தால் அங்கேதான் தகடு மெலிந்து காகிதம் போலாகும். விரலால் தட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே கனத்த ஓசை. விளிம்பை வெளிப்புறம் சுருட்டி விட்டிருக்கிறார்கள். வாள் நுனி வழுக்கி முன்கைக்குள் ஏறாமல் அந்தச் சுருள் தடுக்கும். மணிக்கட்டை முழுக்க மடக்கிய நிலையிலும் குழல், முன்கைக் கவசத்தின் மேல் 40 மி.மீ.யாவது படிய வேண்டும். இதில் படிகிறது.

அழகு பார்த்தது போதும். கைக்கவசத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி: அடி விழுந்தால் அதன் விசை எங்கே போகிறது? தகடு விசையை விழுங்கிவிடாது, கடத்தத்தான் செய்யும். செதிலின் இரு ஓரங்களும் விரலைத் தாண்டி இறங்கி வாள்பிடியிலேயே ஊன்றினால் அடி பிடிக்குப் போகும், விரல் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கும். ஓரம் பிடியைத் தொடாமல் 2 மி.மீ. தூக்கி நின்றால், அந்த 2 மி.மீ.யையும் விரல்தான் தாங்க வேண்டும். இடைக்காலச் சண்டையையும் வாழ்க்கையையும் மீட்டு நடத்தும், 1966 முதல் இயங்கிவரும் எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்) அமைப்பின் விதிகளும் இதே அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன: கையை மூடும் கெட்டிப் பொருளுக்கு உள்ளே குறைந்தது கால் அங்குல ஃபோமோ அதற்கு ஈடான பஞ்சணையோ இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்திருக்கும் பொருளுக்கே அடியைக் கடத்தும்படி கவசம் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். சுமார் 32 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு மரக்கம்பில் வண்ணச் சாக்பொடியைத் தடவுங்கள். கைக்கவசத்தின் உள்ளே விரலுக்குப் பதிலாக, விரல் கனத்துக்கு இறுக்கமாகச் சுருட்டிய துணியைத் திணித்து, கம்பைச் சுற்றி மடக்கிக் கயிற்றால் கட்டுங்கள். மரச்சுத்தியலால் ஒவ்வொரு செதிலின் மேலும் ஒரு தட்டு. பிரித்துப் பார்த்தால், பொடி ஒட்டிய ஓரங்கள் பிடியில் ஊன்றியவை. பொடி ஒட்டாதவை விரலில் ஊன்றியவை. உள்ளே கை இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இந்த ஜோடியில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாகத் தேறின. மோதிர விரலில் நடுச்செதில் மட்டும் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. சுண்டுவிரலில் கடைசி இரண்டு செதில்களில் பொடி ஒட்டவே இல்லை. எல்லா விரலுக்கும் ஒரே அச்சில் செதில் வளைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். சுண்டுவிரல் பிடியைச் சுற்றும் கோணம் வேறு, அதன் கனமும் குறைவு. சரி செய்ய முடியும்: ரிவெட்டைக் கழற்றி, செதிலை 20 மி.மீ. குழாய் மேல் வைத்து இன்னும் ஆழமாக வளைத்தால் ஓரம் இறங்கிவிடும். மைல்டு ஸ்டீல் என்பதால் சூடுகாட்டாமலேயே வளையும்.

கட்டைவிரல்தான் ஏமாற்றம். இரண்டே செதில், அதுவும் ஒரே ஒரு தோல் நாக்கில் தொங்குகிறது. கை விரிந்திருக்கும்போது பார்க்க அழகாக மூடியிருக்கிறது. வாளைப் பிடித்ததும் கட்டைவிரல் குறுக்காகச் சாய்ந்து ஆள்காட்டி விரலின் மேல் படியும். அந்தச் சாய்வுக்குத் தகடு கூடவே வருவதில்லை. வெளிப்பக்கம் புரண்டு, நகமும் முதல் கணுவும் வெட்டவெளியில் நிற்கின்றன. இடைவெளி சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருக்கிறது. கடையில் கையை விரித்தே போட்டுப் பார்ப்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படாது. எந்தக் கைக்கவசத்தையும் கம்பைப் பிடித்த நிலையில், கட்டைவிரல் நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். தோலோ நகமோ தெரிந்தால் அதுவே முதல் வேலை. இதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும். நாக்கை 25 மி.மீ. அகலத் தோலாக மாற்றி, புறங்கைத் தகட்டோடு இரண்டு ரிவெட்டில் பிடிக்க வேண்டும். ஒரே ரிவெட் என்றால் அது அச்சாக மாறித் தகடு சுழலும். அடுத்து, நுனிக்கு மூன்றாவதாக ஒரு குமிழ்ச் செதில், நகத்தைத் தாண்டி 5 மி.மீ. நீளும்படி.

தோல் வார்களும் மாற்ற வேண்டியவையே. விரல் செதில்கள் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும் வார் 1.5 மி.மீ. கனமுள்ள குரோம் பதனிட்ட தோல். மிருதுவாக இருக்கும், வாங்கிய அன்று விரல் வெண்ணெய் போல மடங்கும். ஆனால் இந்தத் தோல் இழுபடும். வேர்வையில் ஊறி நாலு முறை காய்ந்தால் வார் நீண்டு, செதில்களுக்கு நடுவே இடைவெளி விழும். முஷ்டி மூடிய நிலையில் ஒரு செதில் அடுத்ததன் மேல் குறைந்தது 4 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அடி விழும்போது ஓரம் நழுவி உள்ளே குத்தும். மரப்பட்டையில் பதனிட்ட 2.5 மி.மீ. தோலில் புது வார் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் விறைப்பாக இருக்கும்; விரல் வடிவத்துக்குப் பழகியபின் அப்படியே நிற்கும்.

புது வாருக்கு 3 மி.மீ. மைல்டு ஸ்டீல் ரிவெட் போதும். தோல் பக்கம் வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் ரிவெட்டின் தலை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வாஷருக்கு மேல் 2 முதல் 3 மி.மீ. தண்டு விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். அதிகம் விட்டால் அடிக்கும்போது தண்டு சாய்ந்து மடங்கும், குறைத்தால் தலை உருவாகாது. 200 கிராம் உருண்டைமுனைச் சுத்தியல், பல சின்னத் தட்டுகள். ஒரே போடாகப் போட்டால் செதில் தோலைக் கவ்விப் பிடித்து விரல் மடங்காது. இந்த ஜோடியில் மூன்று ரிவெட்டுகள் அப்படித்தான் இறுகியிருக்கின்றன.

பிசிறு பற்றி ஒரு வரி: செதில்களின் மேல் விளிம்பு வழவழப்பு, அடி விளிம்பு அப்படியே வெட்டியபடி கூர். அரம் போட்டு, 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. விட்டால் தையலை முதலில் அறுப்பது அதுதான்.

உள்ளே தைத்திருக்கும் கையுறை கனமான மாட்டுத்தோல். தவறான தேர்வு. உள்ளங்கையில் தோல் எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், முன்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்த கையில் பிடி தளர்ந்தால் நாம் இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய ஊன்றலும் போய்விடும். 1 மி.மீ. அளவுள்ள ஆட்டுத்தோல் கையுறை எடுத்து, விரல் நுனியிலும் நடுக்கணுவிலும் குழலின் உள்விளிம்பிலும் மட்டும் மெழுகு நூலால் தையுங்கள். கவசத்தில் முதலில் தேய்ந்து போவது கையுறைதான், அரை மணி நேரத்தில் பிரித்து மாற்ற முடிய வேண்டும். இப்போதிருக்கும் தையல் சுற்றிலும் நெருக்கமாக ஓடுகிறது. கையுறை கிழிந்தால் செதில் முழுவதையும் கழற்றியாக வேண்டும்.

பஞ்சணை என்று உள்ளே இருப்பது சாதாரண ஸ்பாஞ்ச். விரலால் அழுத்தினால் தகடு வரை இறங்கிவிடுகிறது. அடிக்கும் அப்படித்தான் இறங்கும். புறங்கைக்கும் கணுக்களுக்கும் 6 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் ஒட்டலாம். அதன் நுண்ணறைகள் மூடியவை, காற்று வெளியேறாது, வேர்வையும் குடிக்காது. விரல்களின் மேல் 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட்டைத் தாண்ட வேண்டாம். பாதுகாப்பு கூடும் என்று விரலுக்கும் தடிமனாக ஃபோம் வைப்பது பலர் செய்யும் தவறு. செதில் மேலே தூக்கப்படும், ஓரம் பிடியை விட்டு விலகும், சாக்பொடி ஒட்டாது.

இனி உலோகம். 1.5 மி.மீ. மைல்டு ஸ்டீல் புறங்கைக்குப் போதும். விரல் செதிலில் அதன் குணம் வேறு: பலத்த அடியில் நசுங்கி, அடுத்த செதிலோடு கோத்துக்கொள்ளும். விரல் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால் கவசத்தைக் கழற்றுவதே பெரும்பாடு. பதமேற்றிய 1.2 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் அதே அடியில் வளைந்து மறுபடி நிமிரும், எடையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் அதைச் சுத்தியலால் திருத்துவது கடினம். சூடேற்றித் திருத்தினால் பதம் இறங்கிச் சாதாரணத் தகடாகிவிடும். ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும். திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் இறுகி, ஒருநாள் விரிசல் விடும். பயிற்சிக்கு வாரம் ஒருமுறை போகிறவர், சுத்தியல் பழக்கம் உள்ளவர் என்றால் மைல்டு ஸ்டீலே உத்தமம்.

அளவு அட்டவணை உள்ளங்கைச் சுற்றளவை மட்டும் கேட்கிறது. போதாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் கணு வரையிலான நீளம்தான் முக்கியம். தகட்டில் விரல் கணுவுக்காக எழுப்பிய முகடு, கணுவின் மேலேயே உட்கார வேண்டும். 10 மி.மீ. முன்னால் போனால் முஷ்டி முழுக்க மூடாது. பின்னால் போனால் மூடும்போது கணு வெளியே வந்துவிடும். கையுறை போட்டு, முஷ்டி பிடித்து அளந்து எழுதி அனுப்புங்கள். விற்பவர் அந்த அளவை வாங்க மறுத்தால் அவரிடம் வாங்காதீர்கள்.

துரு வெளிப்பக்கமிருந்து வராது, உள்ளேயிருந்துதான் வரும். வேர்வை உப்பு செதிலுக்கும் வாருக்கும் நடுவில் தங்கும். பயிற்சி முடிந்ததும் பைக்குள் போட்டு மூடாமல், விரல்களை விரித்துக் காற்றில் காய விட வேண்டும். துடைத்து, மெல்லிய மெஷின் ஆயில் தகட்டுக்கு மட்டும். தோலில் எண்ணெய் இறங்கினால் வார் மறுபடி இழுபட ஆரம்பிக்கும், தோலுக்குத் தேன்மெழுகு கலந்த பசை போதும்.

இவ்வளவு வேலை இருந்தும் இதை வாங்கலாமா? தோல் வேலையும் ரிவெட்டும் பழகியவருக்கு, ஆம். புறங்கைத் தகட்டையும் குழலையும் சொந்தமாக அடித்து எடுப்பதுதான் கடினம், அது இங்கே சரியாக முடிந்து கிடைக்கிறது. மிச்சத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும். காட்சிக்கும், பழகிய கூட்டாளியோடு அளந்து அடிக்கும் வாள் பயிற்சிக்கும் திருத்திய பிறகு நம்பி அணியலாம். முழுவீச்சில் மோதும் குழுச் சண்டைக்கு, அதுவும் நீள்கம்பு ஆயுதங்கள் வரும் களத்துக்கு இதை அணியாதீர்கள். அங்கே நாலு விரலையும் ஒரே கூரையின் கீழ் மூடும் மிட்டன் வகையே வேண்டும். பரப்பு பெரிதானால் விசை பகிரப்படும், ஊன்றும் ஓரமும் நீளம்.

வாங்குபவர் வலது கையை மட்டும் சோதித்துவிட்டு இடது கையை விட்டுவிட வேண்டாம். இந்த ஜோடியில் இடக்கைக் கட்டைவிரல் நாக்கு, வலக்கையைவிட ஒரு விரல்கடை பின்னால் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கையால் வாள் பிடிப்பவருக்கு அந்தக் கட்டைவிரல்தான் முதலில் வெளியே தெரியும்.